ஒரே காலி டப்பா, ஊருக்கு ஒரு சட்டம்: எது சரி?

பச்சைமூடி:
எல்லோருக்கும் வணக்கம். வீடு மாறி மூன்று மாதம் ஆகிறது. இருபது கிலோமீட்டர்தான் தள்ளி வந்திருக்கிறோம், ஆனால் நகராட்சி வேறு. பழைய வீட்டில் சமையலறைக் கழிவை மட்கும் கவரில் கட்டிப் பச்சைத் தொட்டியில் போடுவோம். ஒன்பது வருடப் பழக்கம். இங்கே போன வாரம் அதே மாதிரி போட்டேன். வண்டியில் வந்தவர் தொட்டியை எடுக்காமல் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார். "பிளாஸ்டிக் கலந்திருக்கிறது" என்று எழுதியிருந்தது. அந்தக் கவரிலோ "மட்கக்கூடியது" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

கவரோடு முடியவில்லை. பால் அட்டைப்பெட்டியை அங்கே காகிதத்தோடு போடலாம், இங்கே கூடாது. தயிர் டப்பாவை அங்கே எடுத்துக்கொண்டார்கள், இங்கே வேண்டாம் என்கிறார்கள். எலும்பு அங்கே பச்சைத் தொட்டிக்குள் போகவே கூடாது, இங்கே தாராளமாகப் போடச் சொல்கிறார்கள்.

குறை சொல்ல எழுதவில்லை. சரியாகச் செய்ய வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன். என் மகள், "ரெண்டு ஊர்ல எந்த ஊர் சொல்றதும்மா சரி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கன்வேயர்_ஓரம்:
வணக்கம் சகோதரி. குப்பை பிரிக்கிற நிலையத்துல ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். கன்வேயர் பெல்ட் ஓரமா நின்னு கையால பொறுக்கினதுல ஆரம்பிச்சு, ஷிப்ட் மேற்பார்வை வரைக்கும் பார்த்துட்டேன்.

உங்க பொண்ணு கேட்டது நல்ல கேள்வி. தொட்டியில ஒட்டியிருக்கற விதியை நாம வீட்டுப் பக்கமிருந்து படிக்கிறோம். அதை எழுதினவங்க ஆலைப் பக்கமிருந்து எழுதியிருக்காங்க. வண்டி எங்க போய்க் கொட்டுது, அங்க என்ன மெஷின் இருக்கு, அதுல இருந்து வர்றதை யார் வாங்குறாங்க, இந்த மூணுதான் விதியை முடிவு பண்ணுது. பக்கத்துப் பக்கத்து ஊரா இருந்தாலும் வண்டி வேற வேற ஆலைக்குப் போனா விதி மாறத்தான் செய்யும்.

கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போறேன். எல்லா உலர்கழிவையும் ஒரே தொட்டியில வாங்குற ஊர்ல, பெல்ட்டுல வர்றது முதல்ல உருளைகள் மேல ஏறும். வரிசையா சுத்துற தண்டுகள், அதுல வட்டத் தகடுகள். பெரிய அட்டை மேலேயே மிதந்து போயிடும், சின்னது இடுக்கு வழியா கீழ விழும். இதுல மெல்லிய பிளாஸ்டிக் கவர் வந்தா, தலைமுடி மாதிரி தண்டைச் சுத்திக்கும். சுத்திச் சுத்தி இடுக்கே அடைஞ்சு போகும். அப்புறம் மெஷினை நிறுத்திட்டு, ஆள் உள்ள இறங்கிக் கத்தியால அறுத்து எடுக்கணும். நானே இறங்கியிருக்கேன். "கவரில் கட்டிப் போடாதீர்கள்"னு எழுதியிருக்கறதுக்குப் பின்னாடி அந்தக் கத்தி இருக்கு.

கண்ணாடி உடைஞ்சா தூள் காகிதத்துல ஒட்டிக்கும். காகித ஆலைக்காரங்க அதைத் திருப்பி அனுப்பிடுவாங்க. கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இன்னொரு சங்கடம். பல நிலையங்கள்ல பிளாஸ்டிக்கை வகை பிரிக்கிறது அகச்சிவப்பு ஒளி. கறுப்பு நிறத்துக்குப் போடற கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிடும். கருவிக்கு அந்தத் தட்டு தெரியவே தெரியாது. தட்டு நல்ல பிளாஸ்டிக்தான், கண்ணுக்குத் தெரியாததால குப்பைமேட்டுக்குப் போகுது.

ஒரு வேண்டுகோள். செல்போன் பேட்டரி, லித்தியம் பேட்டரி போட்ட பொம்மை, இதையெல்லாம் எந்த ஊரா இருந்தாலும் தொட்டியில போடாதீங்க. நசுங்கினா தீப்பிடிக்கும். காகிதக் குவியலுக்கு நடுவுல தீ வந்தா எப்படி இருக்கும்னு பார்த்தவன் சொல்றேன்.

நீலக்கூடை:
அண்ணா, டப்பா அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்குமே, அது இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம்? நான் இதுவரை அதைப் பார்த்துத்தான் போடுகிறேன்.

கன்வேயர்_ஓரம்:
இல்லம்மா. 1988-ல அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த எண் அது. ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் இருக்கும், எந்த வகை பிளாஸ்டிக்னு மட்டும்தான் சொல்லும். ஒண்ணு தண்ணி பாட்டில் வகை, ரெண்டு ஷாம்பு பாட்டில் மாதிரி கெட்டியானது, அஞ்சு தயிர் டப்பா வகை. சுத்துற அம்புக்குறி மாதிரி இருந்ததால, மறுசுழற்சி ஆகும்னு எல்லாரும் நம்பிட்டாங்க. அந்தக் குழப்பத்துக்காகத்தான் 2013-ல தர அமைப்பு அம்பை எடுத்துட்டு வெறும் முக்கோணமா மாத்துச்சு. பழைய அச்சுல வர்ற டப்பாக்கள்ல இன்னும் அம்பு இருக்கு. ஒண்ணையும் ரெண்டையும் வாங்க அநேகமா எல்லா இடத்துலயும் ஆள் இருக்கு. அஞ்சுக்கு இருந்தாலும் இருக்கும், இல்லாட்டி இல்ல. பச்சைமூடி சகோதரியோட தயிர் டப்பா கதை இதுதான்னு நினைக்கிறேன்.

மூன்றாம்மாடி:
சமையலறைக் கழிவு பற்றி என் அனுபவம். சியோலில் நான்கு வருடம் இருந்தேன். தென்கொரியாவில் உணவுக்கழிவை நேரடியாகக் குப்பைமேட்டில் கொட்டுவதற்கு 2005-லேயே தடை வந்துவிட்டது. 2013 முதல் எவ்வளவு கழிவு போடுகிறோமோ அதற்கேற்பக் கட்டணம். எங்கள் அடுக்ககத்தில் கீழே ஒரு பெட்டி இருக்கும். அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டியதும் எடை திரையில் வரும், அது நம் வீட்டுக் கணக்கில் ஏறும்.

போன புதிதில் முட்டை ஓடு, வெங்காயத் தோல், டீத்தூள் எல்லாவற்றையும் அதில் போட்டேன். செடிக்கு உரமாகிற பொருள்கள்தானே! பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து தடுத்தார். முட்டை ஓடு, எலும்பு, நண்டு ஓடு, பழக்கொட்டை, வெங்காயம் பூண்டுத் தோல், டீத்தூள் இதெல்லாம் அங்கே உணவுக்கழிவே இல்லை, பொதுக்குப்பைக் கவரில் போட வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு எளிமையானது: "ஒரு விலங்கு இதைத் தின்னுமா என்று யோசி." சேர்கிற கழிவில் ஒரு பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகிறது. அது தெரிந்த பிறகு அந்தப் பட்டியலை நான் மனப்பாடம் செய்ய வேண்டியே வரவில்லை.

தைவானில் இதே யோசனை இன்னொரு விதமாக இருந்தது. சமைத்த மிச்சம் பன்றித் தீவனத்துக்கு, பச்சைத் தோலும் தழையும் உரத்துக்கு என்று வண்டியின் பின்னால் இரண்டு தனித்தனிப் பீப்பாய்கள். வீட்டுக் குப்பைக்கென்று தெருவில் தொட்டி வைக்க மாட்டார்கள். பாட்டு போட்டுக்கொண்டு வண்டி வரும், அவரவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

சட்டவரி:
மூன்றாம்மாடி சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டனில் சமையலறை மிச்சத்தைப் பன்றிக்குப் போடுவது 2001-இல் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு பரவிய கோமாரி நோயின் தொடக்கம், மிச்ச உணவு போட்டு வளர்த்த ஒரு பன்றிப் பண்ணை என்று கண்டறிந்தார்கள். லட்சக்கணக்கான கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதே தடை வந்தது. தட்டில் மிஞ்சிய ஒரே உணவு ஓரிடத்தில் தீவனம், இன்னோரிடத்தில் சட்டப்படிக் குற்றம். இரண்டுக்கும் தக்க காரணம் இருக்கிறது.

இலைச்சருகு:
இத்தனை சிரமம் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. சமையலறைக் கழிவு வீட்டை விட்டே வெளியே போகக் கூடாது என்பது என் கட்சி. முப்பது வருடமாக ஒரு தோல்கூட வெளியே அனுப்பியதில்லை. கொல்லையில் இரண்டு தொட்டி. ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று மட்கிக்கொண்டிருக்கும்.

பலர் இதில் தோற்பதற்குக் காரணம் ஈரம். பச்சைக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போனால் கூழாகி நாறும். ஒரு பங்கு தோல் போட்டால் இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை, கிழித்த அட்டை, மரத்தூள் என்று ஏதாவது போட வேண்டும். நைட்ரஜன் ஒன்றுக்குக் கார்பன் முப்பது என்று புத்தகம் சொல்லும். நான் கையால் பிடித்துப் பார்ப்பேன். பிழிந்த துணி மாதிரி ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் சருகைச் சேர்த்துக் கிளறு. சூடே ஏறவில்லையென்றால் பச்சையைச் சேர். அவ்வளவுதான். இறைச்சி, எலும்பு, எண்ணெய் மட்டும் வேண்டாம், எலி வரும்.

மூன்றாம்மாடி:
ஐயா, கொல்லை இல்லாதவர்கள் என்ன செய்வது?

இலைச்சருகு:
மண்புழுப் பெட்டி வையுங்கள் தம்பி. பால்கனி நிழலே போதும். ஆனால் சாதாரணத் தோட்டத்து மண்புழு சரிப்படாது. மட்கும் குப்பையில் வாழ்கிற சிவப்புப் புழு வேண்டும். புளிப்புப் பழத்தோலையும் வெங்காயத்தையும் அளவாகப் போடுங்கள். அதுவும் முடியாதென்றால் ஊர்த் தொட்டிதான், ஒப்புக்கொள்கிறேன்.

சட்டவரி:
ஐயா சொல்லும் வழியைச் சட்டமே மதிக்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2012-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2020 ஜூலை 1 முதல் உணவுக்கழிவைப் பொதுக்குப்பையில் போடக் கூடாது. ஆனால் வீட்டிலேயே உரம் போடுகிறவர்கள் இறைச்சியையும் எலும்பையும் குப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். கொல்லைத் தொட்டியால் எலும்பைச் சமாளிக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதிய சட்டம். எனக்கு மிகவும் பிடித்த விலக்கு இது.

சான் பிரான்சிஸ்கோவில் 2009-இலேயே எல்லோரும் பிரித்துப் போடுவது கட்டாயமானது. அங்கே பச்சைத் தொட்டியில் எலும்பு, இறைச்சி, எண்ணெய் பட்ட காகிதம் எல்லாமே போகலாம். பெரிய உரக்கிடங்குகளில் குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறி நாள்கணக்கில் அப்படியே நிற்கும். நோய்க்கிருமி தாங்காது. கொல்லையில் கூடாதது கிடங்கில் கூடும்.

நீலக்கூடை:
எனக்குத் தெரிந்து அபராதம் போட்டால்தான் மக்கள் கேட்பார்கள். எங்கள் கட்டடத்தில் பத்து வீடு ஒழுங்காகப் பிரிக்கிறது, இரண்டு வீடு அப்படியே கொட்டுகிறது. எங்கள் உழைப்பெல்லாம் அந்த இரண்டு வீட்டால் வீணாகிறது. மனது எரிகிறது.

சட்டவரி:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அபராதம் வேண்டுமென்றால் யாராவது தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் அதைத்தான் செய்தார்கள். 2015-இல் உணவுக்கழிவைக் குப்பையில் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் சிவப்புச் சீட்டு. குப்பை எடுப்பவரே பார்த்து முடிவு செய்ய வேண்டும். குடியிருப்போர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2016-இல் நீதிமன்றம், அனுமதி ஆணை இல்லாமல் ஒருவர் குப்பையைத் துழாவுவது மாநில அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. உணவுக்கழிவைத் தனியாகப் போட வேண்டும் என்ற விதி நின்றது, துழாவும் அதிகாரம் போயிற்று. ஒருவர் வீட்டுக் குப்பையில் மருந்துச் சீட்டு இருக்கும், வங்கிக் கடிதம் இருக்கும். அதையும் யோசிக்க வேண்டும்.

பிரான்சில் 2024 ஜனவரி 1 முதல், வீடுகள் உணவுக்கழிவைப் பிரிப்பதற்கான வழியை உள்ளாட்சிகள் செய்துதர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கடமை முதலில் உள்ளாட்சியின் தலையில். அது நியாயமான வரிசை என்று கருதுகிறேன்.

மூன்றாம்மாடி:
நீலக்கூடை, அடுக்ககத்தில் ஒரே பெரிய தொட்டி என்றால் யார் போட்டார்கள் என்றே தெரியாது, அபராதம் பத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் விழும். சியோலில் எடைக்குக் காசு வந்தபோது எங்கள் மாடியில் எல்லோரும் தண்ணீரை வடித்துவிட்டுக் கொட்ட ஆரம்பித்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருவரும் யாரையும் கண்டிக்கவில்லை. அந்த இரண்டு வீட்டோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அவர்களுக்கும் பச்சைமூடியின் குழப்பமே இருக்கலாம்.

ஓலைக்கொட்டகை:
இந்தியாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் தீங்கான கழிவு. எனக்கு அதில் கேரளத்தின் வழி ரொம்பப் பிடிக்கும். ஈரக்கழிவை முடிந்தவரை வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். குழாய் உரத்தொட்டி, உரக்கூடை, சின்ன எரிவாயுக் கலன், எதுவானாலும் சரி. மட்காததைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள், அதற்கு ஒரு சிறு கட்டணம். இலைச்சருகு ஐயாவின் கட்சியை ஒரு மாநிலமே நடத்திப் பார்க்கிறது.

"கழுவிக் காயவைத்து" என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதைக் கையால் பிரிப்பது ஒரு பெண். நாறும் கவரைத் திறக்கும் கை யாருடையது என்று தெரிந்தால் கழுவாமல் போட மனசு வராது.

கன்வேயர்_ஓரம்:
ஓலைக்கொட்டகை சொன்னதை அப்படியே வழிமொழியறேன். எங்க பெல்ட்டுலயும் கைதான் முதல்ல.

பச்சைமூடி சகோதரி கேட்ட மட்கும் கவர் விஷயம் பாக்கி இருக்கு. அந்த அச்சு பொய்யில்ல. ஐரோப்பாவுல அதுக்கு ஒரு தரம் இருக்கு: தொழிற்கூட உரக்கிடங்குல பன்னிரண்டு வாரத்துல துண்டு துண்டா சிதையணும், ஆறு மாசத்துல தொண்ணூறு சதவீதம் மட்கணும். அந்தச் சோதனைச் சூடு 58 டிகிரி பக்கம். கொல்லைத் தொட்டியில அவ்வளவு சூடு தொடர்ந்து நிக்காது, அதனால அங்க மட்காம கிடக்கும். கிடங்குலயும் ஆறேழு வாரத்துல உரத்தைச் சலிச்சு வித்துடறவங்க இருக்காங்க. அங்க கவர் பாதியிலயே நிக்கும், உரத்துல துணுக்கு துணுக்கா தெரியும். அதனாலதான் ஜெர்மனியில நிறைய ஊர்கள் அந்தக் கவரையே வேண்டாம்னு சொல்லுது.

உணவுக்கழிவு உரக்கிடங்குக்குப் போகாம பயோகேஸ் ஆலைக்குப் போனா கதையே வேற. காத்து புகாத தொட்டியில ஊறவச்சு வாயு எடுப்பாங்க. உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு மெஷின் கவரையெல்லாம் கிழிச்சு வெளிய தள்ளிடும். அது சாதாக் கவரா மட்கும் கவரான்னு மெஷினுக்குத் தெரியாது, ரெண்டும் ஒரே மாதிரி மெல்லிய படலம். இங்கிலாந்துல சில ஊர்கள்ல சாதா பிளாஸ்டிக் கவர்லயே உணவுக்கழிவைக் கட்டிப் போடலாம்னு அனுமதிச்சிருக்காங்க, எப்படியும் கிழிச்சு எடுக்கப்போறாங்கன்னு. வேற ஊர்ல கவரே கூடாதும்பாங்க, அந்த மெஷினுக்கு வேலை குறையட்டும்னு.

சகோதரி, எலும்பு போடலாம், கவர் கூடாதுன்னு சொல்றாங்கன்னா உங்க புது ஊர்க் கழிவு பயோகேஸுக்குப் போகுதுன்னு என் ஊகம். நகராட்சிக்குப் போன் பண்ணி, "வண்டி எங்க போகுது?"ன்னு அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்க.

நீலக்கூடை:
ஜப்பானில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கும் ஊர் இருக்கிறதாமே? அவ்வளவு பிரித்தால் மனிதன் வேறு வேலை பார்க்க முடியுமா?

சட்டவரி:
கமிகாட்சு. தொகுஷிமா மாகாணத்து மலையூர், மக்கள்தொகை இரண்டாயிரம்கூட இல்லை. 2003-இல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்தார்கள். அங்கே குப்பை வண்டி கிடையாது. அவரவரே நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்து வைக்க வேண்டும். சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்குகிறார்கள். சேரும் கழிவில் சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. முதியவர்கள் நிறைந்த ஊர். வர முடியாதவர்கள் வீட்டுக்கு ஆள் போய் எடுத்து வரும் ஏற்பாடும் உண்டு.

பெரிய நகரத்தில் அதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் அந்த நிலையத்தில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பலகை இருக்கிறது. இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, அதற்கு ஊருக்குச் செலவு எவ்வளவு அல்லது வரவு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அத்தனை வகையை விட்டுவிட்டு, அந்தப் பலகையை மட்டும் எந்த ஊரும் எடுத்துக்கொள்ளலாமே.

கன்வேயர்_ஓரம்:
அருமையான தகவல். ஒண்ணு சேர்த்துக்கறேன்: விதி ஒரே ஊர்லயே மாறும். 2018-ல சீனா வெளிநாட்டுக் கழிவு பிளாஸ்டிக், கலப்புக் காகிதம் வாங்கறதை நிறுத்துச்சு. மத்த கழிவுல வேண்டாத பொருள் கலந்திருக்கறது அரை சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னாங்க. ரொம்ப ஊர்ல அதுவரை வாங்கின டப்பாக்களை வேண்டாம்னு சொல்ல வேண்டியதாச்சு, வாங்க ஆளில்ல. பாட்டில் மூடியும் அப்படித்தான். முன்னெல்லாம் கழட்டிப் போடச் சொன்னாங்க. சின்ன மூடி இடுக்குல விழுந்து காணாம போகுதுன்னு இப்ப பாட்டிலோடயே விடச் சொல்றாங்க. ஐரோப்பாவுல 2024 ஜூலையில இருந்து மூடி பாட்டிலோட ஒட்டியே இருக்கணும்னு சட்டம். அதனால வருஷத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திரும்பப் படிங்க.

பச்சைமூடி:
எல்லோருக்கும் நன்றி. போன் செய்தேன். முதலில் எடுத்தவருக்குத் தெரியவில்லை, இன்னொருவரிடம் கொடுத்தார். அந்தப் பெண்மணி கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்னார்.

கன்வேயர் அண்ணாவின் ஊகம் சரி. இங்கே பயோகேஸ் ஆலை. கவர் எதுவானாலும் மெஷின் கிழித்துத் தள்ளுகிறது, அதைத் தனியாக எரிக்க அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் கவரே வேண்டாம் என்கிறார்கள். பழைய ஊரையும் கேட்டேன். அங்கே திறந்தவெளி உரக்கிடங்கு. நாய் நரி வரும் என்பதால் எலும்பு கூடாது, குவியல் மாதக்கணக்கில் கிடப்பதால் மட்கும் கவர் பரவாயில்லை. பால் அட்டைப்பெட்டியில் காகிதத்தோடு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது, அதைப் பிரித்தெடுக்கும் வசதி பழைய ஊரின் காகிதம் போகும் ஆலையில் உண்டு, இங்கே போகும் ஆலையில் இல்லை. ஆனால் நூலகத்துக்குப் பின்னால் அதற்கென்றே தனிப்பெட்டி வைத்திருக்கிறார்களாம். மூன்று மாதமாக அதன் பக்கத்திலேயே நடந்துபோயிருக்கிறேன்.

மகளிடம் இரண்டு ஊர் சொல்வதும் சரிதான் என்றேன். "அது எப்படி?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளே அட்டை வெட்டி நான்கு தொட்டிக்கு மேலும் எழுதி ஒட்டியிருக்கிறாள். பச்சைத் தொட்டியின் மேல் "இது அடுப்பெரிக்கும் வாயு ஆகும். கவர் வேண்டாம்" என்று இருக்கிறது. தயிர் டப்பாவுக்கு இங்கே வாங்க ஆளில்லை என்று அந்தப் பெண்மணி சொன்னதை எழுதத்தான் அவளுக்கு மனசே வரவில்லை. அந்த அட்டை இன்னும் காலியாக இருக்கிறது. டப்பாவில் விதை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரே ஒரு சந்தேகம். கவர் இல்லாமல் தொட்டியின் அடி பிசுபிசுக்கிறது. நாளிதழ் விரிக்கலாம் என்று சொன்னார்கள், ஆனால் இரண்டு நாளில் ஊறிக் கிழிந்துவிடுகிறது.

இலைச்சருகு:
அடியில் முட்டை வரும் அட்டையைக் கிழித்துப் போட்டு, அதன் மேல் நாளிதழை இரண்டாக மடித்து விரியுங்கள் அம்மா. தோலைப் போடுவதற்கு முன் வடிகட்டியில் பத்து நிமிடம் வைத்துத் தண்ணீரை இறக்கிவிடுங்கள். உங்கள் ஊரில் அட்டையும் போகலாமா என்று மட்டும் அந்தப் பெண்மணியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.